பத்தொன்பதாம் அதிகாரம்

மாவுக்கட்டுப் போட்ட கையோடு எழிலரசி தாய்வீடு வந்து இறங்கியதிலிருந்து அந்த வீட்டில் யாரும் குரலை உயர்த்திப் பேசவில்லை. பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடும் என்ற பயம் ஒன்று. பேசினால் எதிலிருந்து தொடங்குவது என்று தெரியாதது இன்னொன்று.

ஞானம்மாவுக்கு மகள் இப்படி வருவது மூன்றாம் தடவை. முதல் தடவை உதடு கிழிந்திருந்தது. இரண்டாம் தடவை வெளியே தெரிகிற மாதிரி ஒன்றும் இல்லை. அந்த இரண்டு தடவையும் ஞானம்மாவேதான் அவளைப் படப்பை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய்ப் புருஷன் வீட்டில் விட்டுவிட்டு வந்தாள். வழியெல்லாம் பொறுமையைப் பற்றித் தனக்குத் தெரிந்த வசனங்களைச் சொல்லிக்கொண்டே போனாள். எழிலரசி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டு கேட்டுக்கொண்டே வந்தாள்.

இந்தத் தடவை வலது மணிக்கட்டு முறிந்திருந்தது. கூட வரவேண்டிய பேத்தி வரவில்லை. இரண்டு வயதுப் பியூலாவை ஜோயல் அனுப்பவில்லை.

ஜோயல் குடிக்கிறவன் இல்லை. படப்பைக்குப் பக்கத்தில் ஒரு நட்டு போல்ட்டுக் கம்பெனியில் சூப்பர்வைசர். அந்த ஊர்ச் சபையில் ஞாயிறுபள்ளி நடத்துகிறவன். பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸ் நாடகம் சொல்லிக்கொடுக்கிறவன். அப்படிப்பட்ட மாப்பிள்ளை கிடைத்ததற்கு ஞானம்மா மூன்று வெள்ளிக்கிழமை உபவாசம் இருந்து நன்றி சொன்னவள்.

அடித்து முடித்த பிறகு அவன் எழிலரசியை மண்டியிட வைத்து ஜெபம் பண்ணுவான். "மனைவிகளே, உங்கள் சொந்தப் புருஷருக்குக் கீழ்ப்படியுங்கள்" என்ற வசனத்தை அவள் வாயால் சொல்லவேண்டும். சொன்ன பிறகுதான் எழுந்திருக்க விடுவான். போன வாரம்தான் இதை எழிலரசி அம்மாவிடம் சொன்னாள். ஞானம்மா அதைத் தன் கணவர் தாவீதிடம் இன்னும் சொல்லவில்லை. எந்த வார்த்தையால் அதைச் சொல்வது?

இந்த முறை காரணம், மாத்திரைக் கம்பெனியில் பேக்கிங் வேலை பார்க்கிற எழிலரசிக்கு அன்றைக்கு ஓவர்டைம் வேலை வந்தது. வேன் வழியில் பழுதாகி நின்றது. வீட்டுக்கு வரும்போது இருட்டிவிட்டது. அவ்வளவுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வழக்கம்போலக் குடும்ப ஜெபம் நடந்தது.

தாவீது பஞ்சாயத்து யூனியன் ஆபீசில் அட்டெண்டர். ஸ்ரீபெரும்புதூர் சபையில் செயலாளர். தினம் ஓர் அதிகாரம் என்று ஆதியாகமத்திலிருந்து வரிசையாக வாசித்து வருகிறவர். முந்தின நாள் நியாயாதிபதிகள் புத்தகத்தில் பதினெட்டாம் அதிகாரம் முடிந்திருந்தது. இன்றைக்கு அவர் நாலைந்து தாள்களைச் சேர்த்துப் புரட்டிவிட்டு, அடுத்த புத்தகமான ரூத்தைத் தொடங்கினார்.

எழிலரசி தலையைத் தூக்கி அப்பாவைப் பார்த்தாள். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்துக்கொண்டே போனார்.

ஜெபம் முடிந்ததும் அவர் மனைவியிடம், ஆராதனைக்கு அவளும் எழிலரசியும் வரவேண்டாம் என்றார். கட்டோடு பார்த்தால் நாலு பேர் நாலு கேள்வி கேட்பார்கள். மே மாதக் குண்டுவெடிப்புக்கு அப்புறம் ஸ்ரீபெரும்புதூர் என்று சொன்னாலே பஸ்ஸில் திரும்பிப் பார்க்கிறார்கள், இதில் நம் வீட்டுக் கதையும் சேர்ந்து ஊர் சுற்றவேண்டாம் என்றார். பிறகு, ஆராதனை முடிந்ததும் ஆயர் ஐயாவும் மாப்பிள்ளையும் சாப்பிட வருவார்கள் என்று சொல்லிவிட்டு, கோழிக்கறிப் பொட்டலத்தை அம்மிக்குப் பக்கத்தில் வைத்தார். விடிந்ததும் கடைத்தெருவுக்குப் போய் அவரே வாங்கி வந்தது.

"பேசி முடிச்சி இன்னிக்கே அனுப்பிடலாம்" என்றார். "கொழந்தையும் அங்க தவிக்குதில்ல."

ஞானம்மா சரி என்றாள்.

அவர் போன பிறகு எழிலரசி அடுப்படியில் வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். மடியில் அப்பாவின் வேதப்புத்தகம். இடது கையால் தாளைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் வாசித்துக்கொண்டிருந்தாள். ஞானம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா மூணு அதிகாரத்த வுட்டுட்டாரு, பாத்தியாம்மா?"

பொம்பளைகள் இருக்கிற இடத்தில் படிக்கக்கூடாத அதிகாரம் என்று ஏதாவது இருக்கும் என்றாள் ஞானம்மா. அப்பா எதையும் காரணம் இல்லாமல் விடமாட்டார்.

எழிலரசி அதில் முதலாவதான பத்தொன்பதாம் அதிகாரத்துக் கதையைச் சொன்னாள். ஒரு பெண். அவளுக்கு வேதத்தில் பேரே இல்லை. புருஷனை விட்டுவிட்டு பெத்லெகேமில் இருக்கிற அப்பா வீட்டுக்கு வந்துவிடுகிறாள்.

"ஏன் வந்தாளாம்?"

"அவ மேல தப்புன்னுதான் எழுதிகீது. அவ இன்னா சொன்னான்னு எழுதல."

சில மாதம் கழித்து அவன் தேடிக்கொண்டு வருகிறான். நயமாகப் பேசிக் கூட்டிக்கொண்டு போகத்தான் வருகிறான். அவனைப் பார்த்ததும் அவளுடைய அப்பாவுக்கு அவ்வளவு சந்தோஷம். உட்காரவைத்துச் சாப்பாடு போடுகிறார். இருந்து சாப்பிட்டுவிட்டுப் போ என்கிறார். மறுநாளும் சாப்பாடு. அதற்கு மறுநாளும். மாமனாரும் மருமகனும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள், குடித்தார்கள் என்று திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறது.

ஞானம்மாவின் கை நின்றது. பொட்டலத்துக் கறி தட்டில் இருந்தது.

"அந்தப் பொண்ணு?"

"அவளப் பத்தி ஒண்ணும் இல்ல. நீ போறியான்னு அவள யாரும் கேக்கல. அப்புறம் அவன் கூட்டினு போறான்."

"போயி?"

எழிலரசி புத்தகத்தை மூடினாள். வழியில் ஓர் ஊரில் தங்குகிறார்கள், வெளியே சில பேர் வந்து கதவைத் தட்டுகிறார்கள், அவன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அவளை வெளியே பிடித்துத் தள்ளிவிடுகிறான் என்றாள். விடியும்போது வாசற்படியில் கையை வைத்தபடி விழுந்து கிடக்கிறாள். எழுந்திரு போகலாம் என்கிறான் அவன். பதில் வரவில்லை.

அதற்கு மேலும் அந்த அதிகாரத்தில் இருந்தது. அவள் சொல்லவில்லை. ஞானம்மா கேட்கவும் இல்லை.

கறியைக் கழுவி அடுப்பில் வைத்தது ஞானம்மாதான். மசாலா அரைத்ததும் அவள்தான். ஆனால் உப்புப் போட்டோமா இல்லையா என்று அவளுக்கு இரண்டு தரம் சந்தேகம் வந்தது. இரண்டு தரமும் அதை ருசி பார்க்க மனம் வரவில்லை.

ஆயரும் ஜோயலும் தாவீதோடு வந்தபோது வெயில் ஏறியிருந்தது. ஜோயல் வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம், ஒரு ஆர்லிக்ஸ் பாட்டில். "தோத்திரம் அத்தை" என்றான். கை எப்படி இருக்கிறது என்று எழிலரசியைக் கேட்டான். நிஜமான கவலை அந்தக் குரலில் இருந்தது. அதுதான் ஞானம்மாவுக்குப் பயமாக இருந்தது.

ஆயர் நல்ல மனிதர். மூன்று ஊர்ச் சபைகளை ஒரு மொபெட்டில் சுற்றுகிறவர். காலையிலிருந்து இரண்டு ஆராதனை நடத்தி முடித்த களைப்பு முகத்தில் தெரிந்தது. எல்லோரும் உட்கார்ந்ததும் ஜெபம் பண்ணினார். தேவன் சேர்த்துவைத்ததை மனிதன் பிரிக்கக்கூடாது என்பதில் தொடங்கி, குழந்தையின் எதிர்காலம், சபைக்கு முன்னால் ஒரு குடும்பத்தின் சாட்சி என்று பொறுமையாகப் பேசினார். கோபம் எல்லோருக்கும் வரும், அதைச் சூரியன் மறைவதற்குள் விட்டுவிடவேண்டும் என்றார்.

ஜோயல் கண்ணை மூடிக்கொண்டு, தனக்குள் சாத்தான் புகுந்துவிட்டதாகச் சொன்னான். மன்னிப்பும் கேட்டான். யாரிடம் கேட்டான் என்பது மட்டும் தெளிவாக இல்லை. கண் மூடியே இருந்தது.

"பியூலா எப்படிக் கீறா?" என்று எழிலரசி கேட்டாள்.

"நீ வூட்டுக்கு வந்தா பாக்கப்போற" என்றான் அவன்.

ஆயர் அந்தப் பேச்சை வளரவிடாமல் தாவீதின் பக்கம் திரும்பினார். குடும்பத் தலைவர் என்ற முறையில், புருஷன் மனைவியைப் பற்றிச் சொல்கிற எபேசியர் ஐந்தாம் அதிகாரத்தை அவர் வாசிக்கட்டும், பிறகு ஜெபித்து, ஒன்றாகச் சாப்பிட்டு, பிள்ளைகளை அனுப்பிவைக்கலாம் என்றார்.

ஞானம்மா அப்போது இலை போடுவதற்காகக் கூடத்துக்கு வந்திருந்தாள். கணவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு புத்தகத்தை எடுப்பதைப் பார்த்தாள். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவர் வேதம் வாசிக்கும்போது அவள் குறுக்கே பேசியது கிடையாது.

"ஏங்க, காலைல பத்தொம்பதாம் அதிகாரத்த ஏன் வுட்டுட்டீங்க?"

தாவீது நிமிர்ந்து பார்த்தார். ஆயருக்கு முதலில் புரியவில்லை. எந்தப் புத்தகத்தில் என்று கேட்டார். நியாயாதிபதிகள் என்று எழிலரசி சொன்னாள். ஆயர் மெதுவாகச் சொன்னார்.

"அது ரொம்பக் கெட்ட காலம்மா. இஸ்ரவேலுக்கு ராஜா இல்லாத காலம். அவனவன் இஷ்டத்துக்கு நடந்தான்னு அந்தப் புஸ்தகமே சொல்லுது."

"ராஜா இல்லாட்டி போறாரு ஐயா. அந்தப் பொண்ணுக்கு அப்பா இருந்தாரே."

ஞானம்மா அதை ஆயரிடம் சொன்னாலும் பார்த்தது தாவீதைத்தான். சொல்லிவிட்டு இலைகளை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டாள்.

தாவீது எபேசியரைத் திறந்து வைத்திருந்தார். வாசிக்கவேண்டிய இடத்தில் விரல் இருந்தது. இதே பகுதியை எழிலரசியின் கல்யாணத்தன்று பீடத்துக்குப் பக்கத்தில் நின்று அவர்தான் வாசித்தார். அன்றைக்கு அவர் குரல் கம்மியதை எல்லோரும் பார்த்தார்கள்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். மகளைப் பார்த்தார். பிறகு, ஆபீசில் மேலதிகாரியிடம் பேசுவதுபோல ஒரு தயக்கத்தோடு கேட்டார்.

"எழிலு, நீ போறியாம்மா?"

மூன்று தடவை வந்துவிட்டாள். மூன்று தடவையும் வீட்டில் கேட்கப்படாத கேள்வி அது. எழிலரசி மூச்சை இழுத்து விட்டாள். ஜோயலின் முகத்திலிருந்த சாந்தம் அப்படியே இருந்தது. தாடை மட்டும் இறுகியது.

"போவலப்பா" என்றாள். "எனக்கு என் கொழந்த வேணும். அங்க போவமாட்டேன்."

ஜோயல் எழுந்து நின்றான். கத்தவில்லை. மனைவிக்குப் புருஷன் தலை என்று வேதத்திலேயே இருக்கிறது, சபைச் செயலாளரே அதற்கு விரோதமாகத் தன் மகளைத் தூண்டிவிடுகிறார், இதைக் கமிட்டிக்கு எழுதுவேன் என்றான்.

"எழுது மாப்ளே" என்றார் தாவீது. "அதே அதிகாரத்துல, தன் சொந்த மாம்சத்த எவனும் பகைக்கமாட்டான்னும் இருக்குது. அவ கையும் உன் மாம்சந்தானே. எப்படி ஒடச்ச?"

ஜோயல் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு எழிலரசியைத் திரும்பிப் பார்த்தான்.

"பியூலாவ மறந்துடு."

ஸ்கூட்டர் சத்தம் தெருமுனை தாண்டிப் போனது.

ஆயர் மட்டும் இருந்தார். சாப்பிடச் சொல்லலாமா என்று ஞானம்மா யோசித்தாள். சொல்ல வாய் வரவில்லை. அவர் எழுந்து வாசல்வரை போய்விட்டுத் திரும்பி எழிலரசியிடம் வந்தார். மாவுக்கட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"இது... கெணத்தடியில வழுக்கி விழுந்ததுன்னு ஜோயல் சொன்னான்."

"உங்ககிட்டயுமா ஐயா?" என்றாள் எழிலரசி. "பெரியாஸ்பத்திரி டாக்டர்கிட்டயும் அதான் சொன்னாரு."

ஆயர் இன்னும் ஏதோ கேட்க நினைத்தவர் கேட்காமல் நின்றார். என்னிடம் முன்பே ஏன் சொல்லவில்லை என்று கேட்டிருக்கலாம். அந்தக் கேள்வியைக் கேட்கத் தனக்கு உரிமை இல்லை என்று அவருக்கே பட்டிருக்கவேண்டும். போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் மொபெட்டைத் தள்ளிக்கொண்டே தெருவில் நடந்தார். கொஞ்ச தூரம் போன பிறகுதான் அதைக் கிளப்பினார்.

மூவரும் சாப்பிடவில்லை. தாவீது பாயில் படுத்தார், எழுந்தார், மறுபடி படுத்தார். ஞானம்மா அவர் பக்கத்தில் உட்கார்ந்து, மண்டியிட வைக்கிற விஷயத்தை அப்போது சொன்னாள். வார்த்தை தேடவில்லை. வந்தபடி சொன்னாள். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். முதுகு குலுங்கியது. இத்தனை வருஷத்தில் அவர் அழுது அவள் பார்த்தது அவருடைய அம்மா செத்தபோது ஒரு தடவைதான்.

சாயங்காலம் படப்பைக்குப் போய்க் குழந்தையைக் கேட்பது என்று முடிவானது. கொடுக்கமாட்டான் என்று மூவருக்கும் தெரியும். ஆனாலும் போகவேண்டும். ஞானம்மா முகம் கழுவிவிட்டுப் புடவை மாற்றிக்கொண்டிருந்தபோது வாசலில் குழந்தையின் சிணுங்கல் கேட்டது.

எழிலரசி ஓடினாள்.

படலுக்கு வெளியே ஜோயலின் அம்மா ராஜாமணி நின்றுகொண்டிருந்தாள். இடுப்பில் பியூலா. தோளில் ஒரு துணிப்பை. வெயிலில் நடந்து வந்த வேர்வை நெற்றியில் வழிந்துகொண்டிருந்தது. குழந்தை அம்மாவைக் கண்டதும் தாவியது. ஒற்றைக் கையால் வாங்கி அணைத்துக்கொண்டு எழிலரசி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ராஜாமணி உள்ளே வரவில்லை. காலையில் மகன் கிளம்பிய பிறகு மத்தியானம்வரை தயங்கிவிட்டு, பஸ்ஸுக்குக் காத்திருந்து, ஒன்று தவறி, அடுத்ததைப் பிடித்து வந்ததாகச் சொன்னாள். ஒரகடம் கூட்ரோடு தாண்டும்போது அவன் ஸ்கூட்டர் எதிரே போனதாம். குழந்தையை மடியில் அழுத்திக்கொண்டு சீட்டுக்குக் கீழே குனிந்துகொண்டாளாம்.

"இந்நேரம் வூட்டுக்குப் போயி பாத்திருப்பான்" என்றாள்.

ஞானம்மா "உள்ள வாங்க சம்மந்தி" என்று சொல்ல வாயெடுத்தாள். மகளின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். எழிலரசி குழந்தையின் தலைக்கு மேலாக மாமியாரை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒவ்வொரு தடவையும் அடுத்த ரூம்லதான் இருந்தீங்க அத்தை. ஒரு நாளாவது வந்து கதவத் தட்டினீங்களா?"

ராஜாமணி மறுக்கவில்லை. அவன் அப்பா இருந்த காலத்திலும் இதே ஜெபம், இதே வசனம், அப்போது மண்டியிட்டது நான் என்றாள். அடுத்த அறையில் இருந்து அதைக் கேட்டு வளர்ந்தவன் ஜோயல். சொல்லும்போது அவள் குரலில் அழுகை இல்லை. கணக்கு ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள்.

பிறகு தாவீதைப் பார்த்தாள். அவர் பனியனோடு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணே, அன்னிக்கு அவன் இவ கைய எப்படி முறுக்கினான்னு நான் பாத்தேன். கதவு தொறந்துதான் இருந்துச்சு. போலீஸ்ல சொல்லணும்னா சொல்றேன்."

"உங்க பிள்ளைம்மா அவன்" என்றார் தாவீது.

"அதான் சொல்றேன். ராத்திரி ஒண்ணு தூங்கி எழுந்தா எம்மனசு மாறிடும். நாளைக்கு வந்து கேட்டீங்கன்னா, கெணத்தடியில விழுந்தான்னுதான் சொல்லுவேன். கூட்டினு போறதுன்னா இப்பவே கூட்டினு போங்க."

ஸ்டேஷன் கடைத்தெருவைத் தாண்டி மெயின் ரோட்டில் இருந்தது. சபையில் பாதிப் பேர் வீடு அந்த வழியில்தான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எல்லோரும் வாசலில் உட்கார்ந்திருப்பார்கள்.

தாவீது உள்ளே போய்ச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு வந்தார். பொத்தான் போட வரவில்லை. ஞானம்மா பக்கத்தில் போய் ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டாள்.

எழிலரசி குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு எழுந்தாள். படலைத் திறந்து பிடித்தாள்.

"நீங்க முன்னால நடங்க அத்தை" என்றாள்.